நினைவைக் காப்போரும் வரலாற்றாசிரியரே

1942-43இல், ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இருப்புப்பாதையை அமைக்க, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். போர்க்கைதிகள் பலர் நாட்குறிப்புகளும் நூல்களும் விட்டுச்சென்றனர்; நம் தொழிலாளரோ பெரும்பாலும் வாய்மொழி நினைவுகளையே விட்டுச்சென்றனர். அவற்றைப் பல்கலைக்கழகம் தனித்து எழுத இயலாது. வினாக்களை வகுப்பதும், எதை வெளியிடுவது என முடிவுசெய்வதும் அக்குடும்பங்களோடு அமர்ந்தே நிகழவேண்டும்.

தோட்டத்துப் பாட்டி 'பெரட்டு' என்றால், மாணவர் அதனை 'வருகைப்பதிவு' எனத் திருத்தலாகாது; விடியுமுன் வரிசையில் நின்ற வாழ்வு அச்சொல்லில் உள்ளது. பதிவின் படியொன்று அவ்வீட்டிலும் இருக்கட்டும். எழுதியதை முதலில் அவர்களுக்குப் படித்துக் காட்டுவோம். அவர்கள் திருத்திய பின்னரே அச்சிடுவோம். கேட்கவேண்டிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். ஆதலின் இப்பணியை இவ்வாண்டே தொடங்குவோம்.