ஐம்பத்தேழு வட்டங்களின் வெளிச்சம்



நூலகத்தில் வேலை பார்த்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். காலையில் கதவைத் திறந்ததும் முதலில் நுழைகிறவர் புத்தக அலமாரிப் பக்கம் போக மாட்டார். துண்டையோ பையையோ போட்டு இடம் பிடிப்பதுதான் அவருடைய முதல் வேலை. அந்த இடம் பெரும்பாலும் சன்னலோரமாக இருக்கும். பத்து மணி தாண்டி வெயில் மேசைமேல் ஏறிவிட்டால், நாற்காலியை இழுத்துக்கொண்டு நிழலுக்கு நகர்வார். மாலையில் வெளிச்சம் குறைந்ததும் திரும்பவும் சன்னல் பக்கம் வருவார். வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம் என்பது படிக்கிறவரின் ஆசை. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. கட்டிக் காட்டுவதுதான் கடினம்.

அதைக் கட்டிக் காட்டிய நூலகம் ஒன்று இன்றைய ரஷ்யாவின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஊரின் ரஷ்யப் பெயர் வைபோர்க். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். அந்த நூலகம் கட்டப்பட்டபோது ஊர் பின்லாந்தில் இருந்தது, வீபுரி என்று பெயர். கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ. பின்லாந்தின் பெயரை உலகக் கட்டடக்கலையில் நிலைநாட்டியவர்.

1927-ல் நகராட்சி ஒரு வடிவமைப்புப் போட்டி அறிவித்தது. ஆல்ட்டோவுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. அவர் அனுப்பிய வரைபடத்துக்கே பரிசு கிடைத்தது. ஆனால் அந்த வரைபடத்துக்கும் பின்னால் எழுந்த கட்டடத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடலாம். முதல் வரைபடம் பழைய செவ்வியல் பாணி. ஸ்டாக்ஹோமில் 1928-ல் திறந்த பொது நூலகத்தின் சாயல், அதை வடிவமைத்த குன்னார் அஸ்ப்லுண்டின் செல்வாக்கு, இரண்டும் அதில் தெளிவாகத் தெரியும். பிறகு இடத்தைப் பற்றிச் சர்ச்சை வந்தது, பொருளாதார நெருக்கடி வந்தது, வேலை வருடக்கணக்கில் தள்ளிப்போனது. அந்தத் தாமதம் நல்லதாகப் போயிற்று. இடைப்பட்ட காலத்தில் ஆல்ட்டோ மாறினார். தூணும் அலங்காரமும் போய், வெள்ளைச் சுவரும் தட்டைக் கூரையும் வந்தன. 1933-ல் இறுதி வரைபடம் தயாரானது. 1935 அக்டோபரில் நூலகம் திறக்கப்பட்டது.

இனி உள்ளே போகலாம், நேயர்களே. வாசிப்புக் கூடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கூடத்தின் சுவர்களில் சன்னலே கிடையாது. நான்கு பக்கமும் புத்தகங்கள். சன்னல் இல்லாத அறையில் எப்படிப் படிப்பது என்று கேட்கத் தோன்றும். அண்ணாந்து பார்த்தால் பதில் கிடைக்கும். கூரையில் வரிசை வரிசையாக 57 வட்டத் திறப்புகள். ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் விட்டம், கவிழ்த்து வைத்த புனலின் வடிவம். மேலே கண்ணாடி. வெயில் நேராகக் கீழே இறங்காது. புனலின் வெள்ளைச் சுவரில் பட்டுச் சிதறி, மென்மையாகி, எல்லாப் பக்கமும் பரவித்தான் கீழே வரும்.

அந்தப் புனலின் ஆழத்தை ஆல்ட்டோ எப்படி முடிவுசெய்தார்? அந்த ஊரில் சூரியன் எவ்வளவு உயரம் ஏறும் என்று பார்த்தார். வீபுரி வெகு வடக்கே இருக்கிறது. கோடையின் உச்சத்தில், நண்பகலில்கூட அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 52 பாகையைச் சற்றுத்தான் தாண்டும். அந்தக் கோணத்தில் வருகிற கதிர் புனலின் சுவரில் மோதியே ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டார். அதனால் வருடத்தின் எந்த நாளிலும், எந்த மணியிலும், படிக்கிறவரின் பக்கத்தில் நேர் வெயில் விழாது. ஒரே திசையிலிருந்து வெளிச்சம் வந்தால் நம் தலையின் நிழலும் கையின் நிழலும் புத்தகத்தின் மேல் விழும். 57 திறப்புகளிலிருந்து ஒருசேர வரும்போது அந்த நிழலும் விழுவதில்லை. எந்த மேசையில் உட்கார்ந்தாலும் ஒரே வெளிச்சம். இடம் பிடிக்கத் துண்டு போடவேண்டிய தேவையே இல்லை.

இரவுக்கும் அதே யோசனைதான். விளக்கின் ஒளி நேரே மேசையில் விழாமல், சுவரில் பட்டுத் திரும்பி வரும்படி செய்தார். சூடாக்கும் குழாய்களையும் கூரைக்குள்ளேயே பதித்தார். அந்தக் குளிர்நாட்டில் வெதுவெதுப்பும் வெளிச்சமும் இரண்டும் தலைக்கு மேலிருந்தே வந்தன.

இந்த யோசனை பிறந்த விதத்தை ஆல்ட்டோவே பின்னாளில் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். நூலக வேலையில் வழி தெரியாமல் திணறிய காலத்தில், அவர் குழந்தை கிறுக்குவதுபோல் மலைகளை வரைந்துகொண்டிருந்தாராம். அந்த மலைச்சரிவுகளின் மேல் ஒரு சூரியன் இல்லை, பல சூரியன்கள். வெவ்வேறு இடத்திலிருந்து வெளிச்சம் போடும் சூரியன்கள். கட்டடத்தோடு அந்தப் படங்களுக்கு நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த மலைச்சரிவுகளே படிப்படியாக இறங்கும் வாசிப்புத் தளங்களாயின, அந்தப் பல சூரியன்களே 57 வட்டங்களாயின. கணக்கு பின்னால்தான் வந்தது. முதலில் வந்தவை அந்தப் படங்கள்.

இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இதைக் கேட்டுவிட்டு யாராவது சென்னையில் ஒரு நூலகத்தின் கூரையில் இதே வட்டங்களை அப்படியே போட்டால், சிக்கல்தான். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். வெயில் புனலின் சுவரைத் தொடாமல் நேராக மேசையில் இறங்கும். கூடவே வெக்கையும். ஆல்ட்டோவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வட்டத்தை இல்லை, அந்தக் கேள்வியைத்தான்: இந்த ஊரில் சூரியன் எங்கே நிற்கிறது? நம் ஊருக்கு விடை வேறு. வடக்குப் பக்கச் சன்னல், ஆழமான தாழ்வாரம், வெயில் மறைக்கும் சாய்வு என்று அது வேறொரு கட்டடமாகத்தான் வரும்.

வீபுரிக்குத் திரும்புவோம். அங்கே இன்னொரு அறையும் இருக்கிறது, சொற்பொழிவுக் கூடம். நீளமான, குறுகலான கூடம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்கப்பால் பூங்கா. அதன் கூரை முழுதும் மெல்லிய மரப் பட்டைகளால் ஆனது. அலையலையாக ஏறி இறங்கிப் போகும். படத்தில் பார்த்தவர்கள் அழகுக்காகச் செய்தது என்றே நினைப்பார்கள். அழகுதான், ஆனால் காரணம் ஒலி. மேடையில் பேசுகிறவரின் குரல் கடைசி வரிசைக்குப் போவது மட்டும் போதாது, கடைசி வரிசையில் எழுந்து கேள்வி கேட்கிறவரின் குரலும் எல்லோருக்கும் கேட்கவேண்டும் என்று ஆல்ட்டோ விரும்பினார். பேச்சை மட்டுமல்ல, விவாதத்தையும் நினைத்துச் செய்த கூரை அது. பொது நூலகம் என்ற சொல்லுக்கு இதைவிட நேர்மையான கட்டட வடிவம் கிடைப்பது அரிது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழந்தைகள் பகுதிக்குத் தனி வாசல், பூங்காவிலிருந்து நேரே நுழையலாம். செய்தித்தாள் படிக்க வருகிறவர்களுக்கு வேறொரு வாசல். நூலகரின் இடம் நடுவில், சற்று உயரத்தில், கூடங்கள் கண்ணில் படும்படி. மூன்று கால் முக்காலி ஒன்றை ஆல்ட்டோ 1933-ல் வடிவமைத்தார். வளைத்த பிர்ச் மரத்தில் செய்தது. அது இந்த நூலகத்தில் இடம்பெற்றது, இன்றும் உலகமெங்கும் விற்பனையில் இருக்கிறது. அவர் மனைவி அய்னோவும் கட்டடக் கலைஞர். இருவரும் நண்பர்களோடு சேர்ந்து அர்ட்டெக் என்ற அறைகலன் நிறுவனத்தைத் தொடங்கியதும் நூலகம் திறந்த அதே 1935-ல்தான்.

திறந்து நான்கே ஆண்டுகளில் போர் வந்தது. 1939 நவம்பரில் சோவியத் படைகள் பின்லாந்துக்குள் நுழைந்தன. ஊர் கைமாறியது, 1941-ல் பின்லாந்து மீட்டது, 1944-ல் மறுபடியும் சோவியத் வசமானது. பின்லாந்து மக்கள் மொத்தமாக ஊரை விட்டுப் போனார்கள். வேறு மொழி பேசும் புதிய மக்கள் குடிவந்தார்கள். நூலகக் கட்டடம் குண்டுகளுக்குத் தப்பித்தது. தப்பித்தும் பயனில்லை, ஏறத்தாழப் பத்தாண்டுகள் அது கேட்பாரற்றுக் கிடந்தது. தட்டைக் கூரை, பராமரிப்பு இல்லை, உள்ளே சூடு இல்லை. பனி உருகி நீர் இறங்கும், இறங்கிய நீர் உறையும், உறைந்தது சுவரைப் பிளக்கும். அலையலையான அந்த மரக்கூரை அழிந்தேபோனது. மேற்கு நாடுகளில் நூலகமே இடிந்துவிட்டது என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

சோவியத் கட்டடக் கலைஞர்கள் 1950-களில் அதைப் பழுதுபார்க்க முன்வந்தார்கள். ஸ்டாலின் காலச் செவ்வியல் பாணியில் அதை மாற்றிவிடலாம் என்றுகூட ஒரு யோசனை இருந்தது. நல்லவேளை, அது நடக்கவில்லை. அலெக்சாண்டர் ஷ்வெர் என்ற கட்டடக் கலைஞர், ஆல்ட்டோவின் மூல வரைபடங்கள் கையில் இல்லாமலேயே, முடிந்தவரை பழைய வடிவத்தை ஒட்டி வேலையைச் செய்தார். 1961-ல் நூலகம் மறுபடி இயங்கத் தொடங்கியது. இந்த வேலையில் குறைகள் உண்டு. சொற்பொழிவுக் கூடத்துக்குப் போட்ட மரக்கூரை மூலத்தைப் போல் அமையவில்லை. ஆனாலும் அவர் காட்டிய மரியாதையைக் குறைத்துப் பேசக்கூடாது. அன்று கூரை போட்டிருக்காவிட்டால் பின்னால் மீட்பதற்கு எதுவும் எஞ்சியிருக்காது.

உண்மையான மீட்பு 1990-களில் தொடங்கியது. ஆல்ட்டோ 1976-லேயே காலமாகிவிட்டார். அவருடைய இரண்டாம் மனைவி எலிஸ்ஸா ஆல்ட்டோவும் பின்லாந்துக் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து மறுசீரமைப்புக் குழு ஒன்றை அமைத்தார்கள். மூல வரைபடங்கள் ஆல்ட்டோவின் அலுவலகக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன. பணம்தான் இல்லை. அதனால் வேலை துண்டு துண்டாக நடந்தது. பணம் கிடைக்கும்போது ஒரு கூரை, அடுத்த தவணையில் ஒரு கண்ணாடிச் சுவர். ஒரு பகுதியில் வேலை நடக்க, இன்னொரு பகுதியில் வாசகர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். உலக நினைவுச்சின்ன நிதியம் 2000-ல் அபாயத்தில் இருக்கும் கட்டடங்களின் பட்டியலில் இதைச் சேர்த்த பிறகு உலகத்தின் கவனம் திரும்பியது. 2010-ல் ரஷ்ய அரசு பெருந்தொகை ஒதுக்கியது. 2013-ல் வேலை முடிந்தது, ஏறத்தாழ இருபது ஆண்டுகள். மறுபடியும் 57 வட்டங்கள் ஒழுகாமல் வெளிச்சம் தந்தன. அலைக்கூரை மூல வரைபடத்தின்படி புதிதாக எழுந்தது.

அடுத்த ஆண்டே உலக நினைவுச்சின்ன நிதியத்தின் நவீனக் கட்டடப் பாதுகாப்புக்கான பரிசு பின்லாந்துக் குழுவுக்கும் அந்த நூலகத்துக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. ஒரு நாடு கட்டியது, இன்னொரு நாடு பயன்படுத்துவது, இரண்டும் சேர்ந்து மீட்டது. பல ஆண்டுகள் லெனினின் மனைவி குரூப்ஸ்காயாவின் பெயரைத் தாங்கியிருந்த நூலகம் இப்போது ஆல்ட்டோவின் பெயரில் இயங்குகிறது. அவர் பின்னால் பின்லாந்தின் ஸெய்னயோக்கி, ரோவனியெமி ஊர்களில் கட்டிய நூலகங்களைப் பற்றியும் பேச ஆசைதான். கடிகாரம் அனுமதிக்கவில்லை. ஒன்று மட்டும்: ஸெய்னயோக்கியில் இடம் போதாமல் போனபோது அங்கே ஆல்ட்டோவின் கட்டடத்தைத் தொடவில்லை. பக்கத்திலேயே 2012-ல் புதிய நூலகம் ஒன்றைக் கட்டி, இரண்டையும் தரைக்கடியில் ஒரு வழியால் இணைத்தார்கள்.

நேயர்களே, உங்கள் ஊர் நூலகத்துக்குப் பழுதுபார்க்கும் வேலை வந்தால் போய்ப் பாருங்கள். பெயின்ட் நிறத்தையும் டைல்ஸையும் பற்றிப் பேசுவதற்கு முன், கூரை ஒழுகுகிறதா என்று கேளுங்கள். மதியம் மூன்று மணிக்கு விளக்குப் போடாமல் எந்த மேசையில் படிக்க முடிகிறது என்று கேளுங்கள். அந்தக் கட்டடத்தின் மூல வரைபடம் எந்த அலுவலக அலமாரியில் இருக்கிறது என்று விசாரியுங்கள், கிடைத்தால் ஒரு பிரதி எடுத்து நூலகரிடம் கொடுத்து வையுங்கள். இருபது ஆண்டு வேலைக்கு வீபுரியில் அடித்தளமாக இருந்தது அந்தக் காகிதங்கள்தான்.