எது தானம்?

(திருவையாற்றில் செய்த சொற்பொழிவு)



2017 முதல் 2024 வரை ‘பிக் பாஸ்’ என்னும் டெலிவிஷன் ஆட்டத்தைத் திரு. கமல்ஹாசன் நடத்தினார். இடையில் 2018-இல் கட்சியும் கண்டார். பகலெல்லாம் நடவு நட்ட நம் ஜனங்கள், இந்த வாரம் வெளியேறுவது யார் என்று இரவில் கண் விழித்துக் கிடந்தார்கள். அவர் போட்ட சட்டையைப் பற்றிக்கூடப் பேசினோம். 2002-லேயே தம் உடலைச் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தவர் அவர் என்பதைப் பேசினோமா?

தானத்திற்கு இங்கே பஞ்சமா? ஆடி அமாவாசைக்கு இந்தப் புஷ்ய மண்டபப் படித்துறையில் எள்ளென்ன, பிண்டமென்ன, தட்சிணையென்ன! பிண்டம் காவிரியில் கரைகிறது; தட்சிணை கரைவதில்லை. செத்தவருக்குச் சேர்ந்ததென்று ரசீது கண்டவருண்டா? கண்ணைக் கொடுத்தால் மறுபிறவியில் குருடாய்ப் பிறப்பானாம்! அப்படியானால் முழு உடலையும் கொளுத்துகிறோமே, அவன் எதுவாய்ப் பிறப்பான் என்று நாம் கேட்கிறோம்.

ஆஸ்பத்திரியில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இருதயம், ஈரல், சிறுநீரகம் முதலியவற்றால் எட்டுப் பேர் வரை பிழைக்கலாம். 1994-ஆம் வருஷச் சட்டம் இதற்கு இடந்தருகிறது. அப்படிக் கொடுப்போரின் உடலுக்கு அரசு மரியாதை உண்டென்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. வீட்டில் சாகிறவர் இருதயம் உதவாது; கண்ணை 6 மணி நேரத்திற்குள் எடுக்கலாம், உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தரலாம்.

ஆனால் தோழர்களே, நீங்கள் கையெழுத்திட்டால் மட்டும் ஆகாது. அன்றைக்குச் சம்மதம் கேட்பது உங்கள் வீட்டாரிடம். பங்காளிகள் கூடிச் ‘சடங்கு என்னாவது?’ என்பார்கள். ஆகவே இன்றிரவே டெலிவிஷனைச் சற்று நிறுத்தி, வாழ்க்கைத் துணையிடமும் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.