எண்ணமும் இலக்கும்



தைப்பொங்கலன்றோ சித்திரை வருடப்பிறப்பன்றோ, "இனி உடம்பைக் கவனிப்பேன்" என்று உறுதி கூறாதவர் நம்மிடையே சிலரே. மாதமொன்று கழியுமுன் அவ்வுறுதி தளர்ந்துவிடுகின்றது. மனவலிமை போதாதென்று நம்மை நாமே நொந்துகொள்கின்றோம். பெரும்பாலும் குறை, இலக்கை வகுத்த முறையிலேயே இருக்கின்றது.

"நன்றாகப் படிப்பேன்" என்னும் மாணவனையும், "மாலைதோறும் 5 கணக்குகள் செய்வேன்" என்னும் மாணவனையும் ஆசிரியர் அனைவரும் அறிவர். முன்னவன் கூறியது எண்ணம். பின்னவன் கூறியது இலக்கு. செய்தேனா, இல்லையா என்று இரவிலே தன்னைத் தானே கேட்டு, அவன் விடை காண முடியும். உடல்நலத்துக்கும் இவ்விதி பொருந்தும்.

நம் வீடுகளிற் பருகும் தேநீரை எடுத்துக்கொள்வோம். கோப்பைக்கு 2 தேக்கரண்டி சீனி. நாளொன்றுக்கு 5 கோப்பை. கரண்டிக்கு 4 கிராம் என்று கொண்டாலும் 40 கிராம் ஆகின்றது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர், உணவிலும் பானத்திலும் சேர்க்கும் சீனி வகைகளை 50 கிராமுக்குள் அடக்க வேண்டும். 25 கிராமுக்குக் குறைத்தால் மேலும் நன்று. இது உலக சுகாதார தாபனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல். "சீனியை விட்டுவிடுவேன்" என்பது பெருஞ்சொல். "இக்கிழமை முதல் கோப்பைக்கு ஒரு கரண்டி" என்பது சிறுசொல்; ஆயினும் நாளுக்கு 20 கிராம் குறைந்துவிடுகின்றது. நாவும் மெல்லப் பழகிவிடும். பின்னர் அரைக் கரண்டிக்கு இறங்கலாம்.

இத்தகைய அளவான இலக்குகளின் பயனை ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்து, 2002ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. நீரிழிவு தோன்றும் நிலையிலிருந்த 3,000க்கு மேற்பட்டோர் அதிற் பங்குபற்றினர். அவர்களுள் ஒரு பகுதியினர்க்கு, உடல் நிறையில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைத்தல், கிழமைக்கு 150 நிமிடம் விரைந்து நடத்தல் போன்ற உடலுழைப்பு என இரு இலக்குகள் வகுக்கப்பட்டன. அருகிருந்து வழிகாட்டுவோரும் இருந்தனர். ஏறத்தாழ 3 ஆண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரை நோக்க, இவர்களிடையே நீரிழிவு தோன்றுவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்திருந்தது. கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் கெடுக்கவல்ல நோயன்றோ அது!

150 நிமிடம் என்பது கிழமையில் 5 நாள், நாளுக்கு அரைமணி நேரம். அந்த அரைமணியை ஏலவே பழகிய வேளையொன்றோடு பிணைத்துவிடுங்கள். "நேரம் கிடைத்தால் நடப்பேன்" என்பவர்க்கு நேரம் கிடைப்பதில்லை. "மாலைச் செய்தி முடிந்ததும் நடப்பேன்" என்பவரைச் செய்தியே எழுப்பிவிடும். 30 நிமிடம் கடினமாயின் 10 நிமிடத்தில் தொடங்குங்கள். ஒருநாள் தவறினால், மறுநாள் வழக்கம்போல் நடவுங்கள். தவறிய நாளுக்கு ஈடாக இருமடங்கு நடக்க முயல்பவர் களைத்துக் கைவிடுவர்.

நீரிழிவுக்கோ இருதய நோய்க்கோ மருந்து உட்கொள்வோர், வைத்தியரைக் கலந்த பின்னரே உணவையும் உழைப்பையும் மாற்றுதல் வேண்டும்.

நேயர்களே, இன்றிரவே ஒரு தாளில் ஒரேயொரு வரி எழுதுங்கள்: என்ன செய்வேன், எவ்வளவு, எவ்வேளையில். அதனை வீட்டார் கண்ணிற் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். அவ்வரி கைகூடிய பின் அடுத்த வரியை எழுதலாம்.