ஆறு நிமிட நடை

பெங்களூர் லால்பாக்கில் காலையில் உலாவும் நம்மவர் பலர். அங்குள்ள பாறைமீது கெம்பே கௌடர் கோபுரத்தை நோக்கி ஏறுங்கால் மூச்சு வாங்குவது இயல்பே. சமதரையிலேயே மூச்சு முட்டினால், அதனை வயதின்மேல் சாட்டிவிடுதல் தகாது. நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கலாம். அவ்வாறாயின் இதயத்தின் வலப்பகுதி, குறுகிய குழாய்களை எதிர்த்து உழைக்கின்றது. நாம் விரைந்து நடக்கும்போது வேண்டிய இரத்தத்தை அனுப்ப இயலாமல் தளர்கின்றது.

இந்நோயாளியின் ஆற்றலை அளக்க, 30 மீட்டர் நீளத் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கச் செய்து, கடந்த தூரத்தைக் குறிப்பர். ஓடலாகாது, வேண்டுமாயின் நின்று இளைப்பாறலாம். மருந்து பயன் தருகின்றதா என்பதையும் இத்தூரமே காட்டும். பெரும் பொறிகள் வேண்டாத இச்சோதனையை நான் மிகவும் மதிக்கின்றேன்.

முன்னாளில் இவர்களை ஓய்ந்திருக்கச் சொல்வதே வழக்கம். 2006-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் மருத்துவர்கள், மருந்தால் நிலைபெற்ற 30 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வை வெளியிட்டனர். மேற்பார்வையில் 15 வாரம் உடற்பயிற்சி செய்தோர், செய்யாதோரைவிடச் சராசரி 111 மீட்டர் மிகுதியாக முன்னேறியிருந்தனர். எனினும் தாமாகவே பயிற்சி தொடங்குதல் ஆபத்து. நடையில் மயக்கம் வந்தாலோ, கால் வீங்கினாலோ, தாமதியாது இதய மருத்துவரிடம் சென்று எக்கோ சோதனை செய்துகொள்க. பெங்களூரில் அரசினரின் ஜெயதேவா இருதய நிலையம் இருக்கின்றது.