கோதுமை விதைத்த கொங்கு நாட்டு மந்திரி

டில்லியிலும் கான்பூரிலும் குடியேறிய நம்மவர் இல்லங்களில் இரவு உணவு பெரும்பாலும் சப்பாத்தி என்றாகிவிட்டது. அந்தக் கோதுமையின் வரலாற்றில், பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் 1910-ல் பிறந்த சி. சுப்பிரமணியத்துக்குப் பெரும் பங்குண்டு என்பதை நம்மில் பலர் நினைப்பதில்லை.

சென்னை ராஜ்யத்தில் 1952 முதல் பத்தாண்டுகள் மந்திரியாயிருந்தவர் அவர். 1954-ல் சட்டசபைக் கட்சித் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றார்; வென்றவரோ அவரையே தம் மந்திரி சபையில் சேர்த்துக்கொண்டார். இக்காலத்தில் இதைச் சொன்னால் நம்புவோர் சிலரே.

1962-ல் மத்திய சர்க்காரில் சேர்ந்தார். 1964-ல் சாஸ்திரி அவரிடம் உணவு, விவசாய இலாகாவை ஒப்படைத்தார். அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு காத்திருந்த காலம் அது. விவசாயிக்குக் கட்டுபடியாகும் விலை கிடைத்தாலன்றி விளைச்சல் பெருகாது என அவர் வாதாடினார்; நிதி இலாகா ஆட்சேபித்தது. ஆயினும் 1965-ல் விவசாய விலைக் கமிஷனும் உணவுக் கார்ப்பொரேஷனும் தோன்றின. மெக்ஸிகோவின் குட்டை ரகக் கோதுமையில் தமக்கிருந்த நம்பிக்கையைக் காட்ட, தம் டில்லி பங்களாவின் புல்தரையை உழுது அதை விதைத்தார். 1966-ல் 18,000 டன் விதை தருவிக்கப்பட்டது.

இதனிடையே 1965 பிப்ரவரி வந்தது. இந்தி மட்டுமே ஆட்சிமொழியாகுமோ என்ற அச்சத்தில் தமிழகம் கொந்தளித்தபோது, அவரும் ஓ. வி. அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தனர். பிப்ரவரி 11 அன்று சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்று உறுதியளித்தார். 1967-ல் அது சட்டத்தில் ஏறியது. ராஜினாமாக்கள் ஏற்கப்படவில்லை. மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்ட நாங்கள் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆயினும் ஒரே கோப்பு இரு மொழிகளில் எங்கள் மேஜைக்கு வரும்போதெல்லாம் அந்தக் கடிதங்கள் நினைவுக்கு வருகின்றன. பதவியை விட்டுவிடத் துணிந்தவர் சொல்லுக்கு ஒரு கனம் உண்டல்லவா?

1967-ல் தமிழகத்தில் அரிசித் தட்டுப்பாடே தேர்தல் பேச்சாயிற்று. உணவு மந்திரி கோபிசெட்டிபாளையத்தில் தோற்றார். மறு ஆண்டு, 1964-65-ல் சுமார் 1.23 கோடி டன்னாயிருந்த கோதுமை விளைச்சல் 1.65 கோடி டன்னைத் தொட்டது. அதற்குப் பஞ்சாபின் நிலத்தடி நீர் பின்னர் கொடுத்த விலை தனிக் கதை.

பிற்காலத்தில் அவர் நிதி மந்திரியானார். மகாராஷ்டிர கவர்னராகவும் இருந்தார். 1998-ல் பாரத ரத்னா பெற்று, 2000-ல் மறைந்தார். ஆனால் கோதுமைப் புரட்சியைப் பாராட்டி 1968-ல் சர்க்கார் தபால் தலை வெளியிட்டபோது, விதை தருவித்தவர் மந்திரியாகவும் இல்லை, பார்லிமெண்டு மெம்பராகவும் இல்லை.