கைபேசியைப் பிடுங்கினால் படிப்பு வந்துவிடுமா?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இணையம் வந்தது, பிள்ளைகளின் படிப்பு கெட்டது என்று எனக்கு முன்னால் பேசிய பெரியவர் வருத்தப்பட்டார். அவருடைய கவலையை நான் கேலி செய்யமாட்டேன். நடுநிசியிலும் மகனுடைய போர்வைக்குள்ளே வெளிச்சம் தெரிந்தால் எந்தத் தாய்க்குத்தான் நெஞ்சு பதறாது? ஆனால், கைபேசியைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துவிட்டால் படிப்பு வந்துவிடுமா?

நமது அண்டை மாநிலத்திலே நடந்ததைச் சொல்லுகிறேன். கோழிக்கோடு ஜில்லாவில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதி. மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைபேசிகளை ஒப்படைத்துவிட வேண்டும் என்று அங்கே உத்தரவு போட்டார்கள். படிப்பு கெடக்கூடாதாம்! ஒரு மாணவி மறுத்தார். பாடத்துக்கு வேண்டியதை அதில்தானே தேடுகிறேன் என்றார். விடுதியை விட்டு வெளியேற்றிவிட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. கேரள ஹைகோர்ட்டுக்குப் போனார். இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி பெறும் உரிமையில் அடங்கியது, மாணவியை மீண்டும் விடுதியில் சேர்க்க வேண்டும் என்று 2019 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது.

ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. கொரோனா பள்ளிக்கூடங்களைப் பூட்டியது. 2020 ஜூன் 1-ந் தேதி அதே கேரளத்தில் டெலிவிஷன் மூலமும் இணையத்தின் மூலமும் வகுப்புகள் ஆரம்பமாயின. அன்றைக்கே மலப்புறம் ஜில்லாவில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். கூலித் தொழிலாளியின் மகள். வீட்டு டெலிவிஷன் பழுது, ஸ்மார்ட்போன் கிடையாது. பாடம் கேட்க முடியவில்லையே என்று அவள் மனம் உடைந்திருந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள்.

தோழர்களே, இணையத்தால் கெட்ட பிள்ளையைப் பற்றிப் பேசுகிறோம். இணையம் இல்லாமல் மடிந்த அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்லுவோம்? உலகத்தில் 3 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு வீட்டில் இணையம் இல்லை என்று 2020-ல் யூனிசெப் கணக்குச் சொன்னது.

டெலிவிஷன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கேரளத்து வாசகசாலைகளிலும் அங்கன்வாடிகளிலும் இடம் ஒதுக்கினார்கள். 2023 ஜூனில் சர்க்காரே 'கே-போன்' என்ற இணையத் தொடர்பைத் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்பது அறிவித்த இலக்கு. முதல் கட்டத்தில் எடுத்துக்கொண்டதோ தொகுதிக்கு 100 வீடுகள்தான்! அப்போது ஆட்சியில் இருந்தவர்கள் நம்மவர்கள் என்பதற்காக இதை மூடி மறைக்கக்கூடாது.

சரி, பெரியவர் சொன்ன கெடுதல் பொய்யா? பொய்யல்ல. 2022-ல் நடந்த 'பிசா' பரீட்சையின்போது பணக்கார நாடுகளின் 15 வயது மாணவர்களைக் கேட்டார்கள். கணக்கு வகுப்பில் இந்தக் கருவிகளால் கவனம் சிதறுகிறது என்று 65 சதவிகிதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்குக் கருவிக்குப் பஞ்சமில்லை பாருங்கள்!

ஒரு படம் முடிவதற்குள் அடுத்த படம் தானாக ஓடுகிறதே, அது பையனுடைய குற்றமா? அவன் கண் எத்தனை நேரம் திரையில் ஒட்டியிருக்கிறதோ அத்தனை விளம்பரம், அத்தனை லாபம். மில் முதலாளியாவது தொழிலாளியின் நேரத்துக்கு ஏதோ ஒரு கூலி கொடுக்கிறான். இங்கே அதுவும் இல்லை. ரீசார்ஜ் காசையும் நாமே கட்டுகிறோம்! பையனை அடித்து என்ன பிரயோஜனம்? எதைத் தேடுவது, எதை நம்புவது, எப்போது நிறுத்துவது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஓர் உபாத்தியாயர் வேண்டும். விளம்பரக் கம்பெனி அந்த வேலையைச் செய்யாது.

ஆகவேதான் இந்த வாசகசாலைக்கு இரண்டு கம்ப்யூட்டரும் இணையத் தொடர்பும் கேட்டுப் பஞ்சாயத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். மாலை 6 முதல் 9 வரை கதவு திறந்திருக்கும். முறை வைத்து வந்து உட்கார உபாத்தியாயத் தோழர்கள் நால்வர் சம்மதித்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் அச்சமின்றி வந்துபோக முக்குத்தெருவில் விளக்குப் போட வேண்டும் என்பதையும் மனுவில் சேர்த்திருக்கிறோம். மனு மேஜைமேல் இருக்கிறது. பெரியவர் முதல் கையெழுத்தைப் போடுமாறு கேட்டுக்கொள்ளுகிறேன்.