மழை பொய்த்த ஆண்டுகள்

அரசர்களின் பெயர்களையும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளையும் நாம் வரலாறு என்று படிக்கிறோம். மழை பொய்த்த ஆண்டுகளை அவற்றோடு சேர்த்துப் படிப்பது அரிது. உழவையே நம்பி வாழ்ந்த நாட்டுக்கு இது பெருங்குறையாகும். பழங்காலத் தட்பவெப்பத்தை ஆராயும் துறை இக்குறையைப் போக்க முற்படுகிறது.

பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் லிங்கராஜபுரத்தை எடுத்துக்கொள்வோம். நகரம் முழுவதையும் போலவே அதுவும் கடல்மட்டத்திற்குமேல் சுமார் 900 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலத்தில் அமைந்தது. அருகே வற்றாத ஆறு இல்லை. காவிரி ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு அப்பால் ஓடுகிறது. ஆதலால் இம்மேட்டு நிலத்தார் நெடுங்காலம் மழையையும் ஏரியையும் கிணற்றையுமே நம்பியிருந்தனர். அந்த மழை பொய்த்தால் என்ன நேரும் என்பதை 1876ஆம் ஆண்டு காட்டிற்று.

அதனைத் தமிழர் தாது வருடப் பஞ்சம் என்பர். மைசூர் சமஸ்தானத்தின் மக்கள்தொகை 1871ஆம் ஆண்டுக் கணக்கில் சுமார் 50 லட்சம். 1881இல் சுமார் 42 லட்சம். பத்தாண்டுகளில் பெருகியிருக்க வேண்டிய தொகை எட்டு லட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டது. சென்னை மாகாணத்திலும் பேரழிவு நேர்ந்தது. பிழைக்க வழியின்றிப் பெருந்திரளானோர் இலங்கையின் தோட்டங்களுக்குச் சென்றனர்.

மழை ஏன் பொய்த்தது? அன்று அதற்கு உறுதியான விடை இல்லை. இன்று நாம் அறிவோம்: பசிபிக் மாகடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்திற்கு மேல் வெப்பமடையும் நிலைக்கு எல் நினோ என்று பெயர். அது வலுக்கும்போது நம் தென்மேற்குப் பருவமழை பல முறை நலிந்திருக்கிறது. 1877ஆம் ஆண்டில் எழுந்த எல் நினோ மிகக் கடுமையானது. அக்காலத்தில் வட சீனமும் பிரேசிலின் வடகிழக்குப் பகுதியும் வறட்சியால் வாடின. 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர் பருவமழையை முன்னறிய முயன்றபோதுதான், தொலைவிலுள்ள கடல்களின் காற்றழுத்தம் ஒன்றோடொன்று இணைந்து ஊசலாடுவதை விளக்கினார்.

கருவிகள் தோன்றுவதற்கு முந்தைய மழையை எவ்வாறு அறிவது? மரங்கள் அதனைக் குறித்து வைத்திருக்கின்றன. தேக்குமரம் ஆண்டுக்கொரு வளையம் இடும். மழை குறைந்த ஆண்டின் வளையம் குறுகியிருக்கும். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் கேரளத் தேக்கு மரங்களைக் கொண்டு 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுகளின் வளைய வரிசையை அமைத்து, 2010இல் வெளியிட்டனர். எல் நினோவும் மழைக்குறைவும் அவ்வளையங்களில் தடம் பதித்திருப்பதை அவர்கள் கண்டனர்.

ஆயினும் வறட்சி வேறு, பஞ்சம் வேறு. வானம் வறட்சியைத் தருகிறது. அது பஞ்சமாக முற்றுவதில் மனிதரின் செயலும் சேர்கிறது. 1877இல் நிவாரண வேலைக்கு வந்தவர்க்கு ரிச்சர்டு டெம்பிள் வகுத்த படி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும்தான். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். கடும் உழைப்புக்கு அது போதாதென்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அந்நாட்களிலும் இந்தியக் கோதுமை கடல் கடந்து விற்பனைக்குச் சென்றுகொண்டிருந்தது. மரவளையம் மழையின் அளவைச் சொல்லும். இத்தகைய முடிவுகளை அது சொல்லாது. அவற்றை ஆவணங்களிலேயே தேட வேண்டும். இரண்டையும் ஒருசேரப் படித்தால்தான் வரலாறு முழுமை பெறும்.

இப்படிப்பு இன்றைக்கும் உதவுவதாகும். 2023இல் எல் நினோ மீண்டும் தோன்றிற்று. கர்நாடகத்தில் மழை குறைந்தது. 2024ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றின. மக்கள் தண்ணீர் லாரிகளுக்குக் காத்திருந்தனர். முன்னோர் வெட்டிய தர்மாம்புதி ஏரி இன்று பேருந்து நிலையம். சம்பங்கி ஏரியின் பெரும்பகுதி விளையாட்டு அரங்கம். ஏரி இருந்த இடங்களில் மழை இன்றும் பெய்கிறது, தங்குவதற்குத்தான் இடமில்லை.

2009இல் பெங்களூரில் பெரிய மனைகளுக்கு மழைநீர் சேகரிப்பு சட்டப்படி கட்டாயமாயிற்று. லிங்கராஜபுரத்தின் ஒவ்வொரு மாடியிலும் விழும் நீர் நிலத்துள் இறங்குமாயின், அடுத்த வறட்சிக்கு நாம் ஓரளவேனும் ஆயத்தமாக இருப்போம். எல் நினோ மீண்டும் வரும் என்பதில் ஐயமில்லை. அது வரும்போது நம் கிணறுகளில் நீர் இருக்குமா என்பதை இன்று நாம் செய்வதே தீர்மானிக்கும்.